பியருக்குப் போட்ட பன்னிரண்டு

13 அக்டோபர் 2024, ஞாயிறு

மழை. ஆராதனைக்கு இருபத்தெட்டுப் பேர். சபையின் மற்ற மூப்பர் குருசுமுத்து ஜெபத்தை வழக்கம்போல நீட்டினார், சோறு ஆறிவிட்டது.

மத்தியானம் மனைவி தேவமலரின் தங்கை விக்ரோரியா வந்தாள். லீட்ஸில் கலியாண வீட்டுக்குப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பியவள். பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து விரித்தாள். உள்ளே ஒரு போத்தல்.

"அத்தான், சோபனா தந்துவிட்டவள். அவள் தானே காய்ச்சின கறுப்புப் பியர், தேன் போட்டதாம். அப்பா குடிச்சுப் பாத்து, பன்னிரண்டிலை எத்தினை எண்டு மார்க் போடட்டுமாம்."

தேவமலர் எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

மகள் சோபனா என்னோடு கதைத்து நாலு வருடம். ஓடென்ஸவில் மூன்றாம் வருட வைத்தியப் படிப்பை விட்டுவிட்டு, இங்கிலாந்தில் ஒரு கொம்பனியில் பியர் காய்ச்சப் போனவள். அன்றைக்கு, சாராயம் காய்ச்சுகிறவளுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று நான்தான் சொன்னேன். நான் சபையில் மூப்பர். வேறு என்ன சொல்ல?

14 அக்டோபர், திங்கள்

போத்தலைக் கராஜில் குளிர்கால டயர்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வெளிச்சம் படக்கூடாதாம்.

16 அக்டோபர், புதன்

பக்டரியில் மின்சாரக் காற்றாடியின் இறகைத் தேய்த்துக்கொண்டு நின்றபோதும் அதே யோசனை. ஏன் மார்க்?

ஏன் என்று எனக்குத் தெரியாதா. இந்த டேனிஷ் பள்ளிக்கூடங்களில் பன்னிரண்டுதான் உச்ச மார்க்; அதற்குக் கீழே பத்து, பத்துக்குக் கீழே ஏழு, பிறகு நாலு. இடையில் ஒன்றும் கிடையாது. யார் கண்டுபிடித்த கணக்கோ. ஒன்பதாம் வகுப்பில் கணிதத்தில் பத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். சப்பாத்தும் கழற்றவில்லை. "மிச்சம் ரெண்டு எங்கை?" என்று கேட்டேன். ஏழோடு வந்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் நான் பேசுவதேயில்லை. ஒரு தரம்கூட நல்லது என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. சொன்னால் பிள்ளை கெட்டுவிடும் என்று நினைத்தேன். எல்லாத் தகப்பன்மாரும் அப்படித்தான் நினைத்தோம்.

இப்போது அவளாகவே வந்து கேட்கிறாள். இதற்குப் பதில் சொல்லாவிட்டால் இனி ஒரு நாளும் கேட்கமாட்டாள். ஆனால் இருபத்தேழு வருடத்துக்கு முதல் சபைக்கு முன்னால் நின்று, இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அகதி முகாமில் நான் குடித்த குடி எனக்குத்தான் தெரியும்.

19 அக்டோபர், சனி

தேவமலர் பிரெடெரிசியாவில், தங்கை வீட்டில். நான் தனிய.

போத்தலைத் திறந்தேன். கிளாஸில் ஊற்றினேன். நல்ல கறுப்பு, விளிம்பில் மட்டும் சிவப்பு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாமலே திருப்பி வைத்தேன். சொட்டு உதட்டில் படவில்லை, கர்த்தர் அறிவார். கிளாஸையும் போத்தலையும் சிங்கில் கவிழ்த்துவிட்டு, சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன்.

பிறகு கொம்பியூட்டரில் தேடினேன். இங்கிலாந்துக் கறுப்புத் தேன் பியர்களுக்கு ஆட்கள் நட்சத்திரம் போட்டு எழுதிவைத்திருக்கிறார்கள், பக்கம் பக்கமாக. அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி எடுத்தேன். கருக்கிய சீனி, காய்ந்த திராட்சை, அளவான கசப்பு, கடைசியில் தேன் வாசம். டேனிஷில் மாற்றி அவளுக்கு அனுப்பினேன். கீழே 12 என்று போட்டேன்.

என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் பன்னிரண்டு.

20 அக்டோபர், ஞாயிறு

சோபனா போன் எடுத்தாள்! தாயின் போனுக்கு அல்ல, எனக்கு.

"அப்பா, உண்மையாவோ?"

"ஓம் பிள்ளை."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நத்தார்ப் பெருநாளுக்கு வருகிறாளாம். தேவமலர் இப்போதே அவளுடைய அறையைத் தட்டிக் கூட்டுகிறாள். ஒரு சின்னப் பொய்தானே.

10 நவம்பர், ஞாயிறு

எழுத மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சோபனா போன் எடுத்தாள். "அப்பா, அந்தப் போத்திலை நீங்கள் குடிச்சனீங்களோ?"

"ஏன் பிள்ளை?"

"அந்தத் தொட்டி முழுக்கப் புளிச்சுப் போச்சு. வினாகிரி மாதிரி. கடையளிலை இருந்து எல்லாத்தையும் திருப்பி எடுக்கினம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எனக்கு முதலே லேசாப் புளிச்சது. என்ரை நாக்கிலை சந்தேகம். இஞ்சை எல்லாரும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டினம். அதுதான் உங்களிட்டைக் குடுத்துவிட்டனான். ஆர் என்ன சொன்னாலும் அப்பா சும்மா மார்க் போடமாட்டார். நீங்கள் பன்னிரண்டு எண்டாப்போலை, என்ரை நாக்குத்தான் பிழை எண்டு கடையளுக்கு அனுப்பவிட்டிட்டன்."

"ஊத்திப்போட்டன், பிள்ளை."

"டெ எ ஃபீன்ட், ஃபா," என்றாள் டேனிஷில். பரவாயில்லை அப்பா. அதுவரைக்கும் தமிழில் கதைத்தவள்.

சொந்தமாகக் காய்ச்ச இனி விடமாட்டார்களாம், தொட்டி கழுவ விட்டிருக்கிறார்களாம். நத்தாருக்கு லீவும் இல்லையாம். இதெல்லாம் பின்னேரம் தேவமலர் சொல்லித் தெரியும். நான் என்னத்தைச் செய்துபோட்டன்? என்ரை பிள்ளைக்கு நானே... வாயிலை ஒரு சொட்டு விட்டிருந்தால் தெரிஞ்சிருக்குமே. ஒரு சொட்டு.

17 நவம்பர், ஞாயிறு

சபையில் சாட்சி சொல்ல எழும்பினேன். மகள் தந்த பியரை ஊற்றினேன் என்ற இடத்திலேயே "அல்லேலூயா" போட்டார்கள். குருசுமுத்து கைதட்டினார். பொய் சொன்ன இடத்துக்கு நான் வருவதற்குள் பாஸ்டர் மைக்கை வாங்கிவிட்டார். கும்பிடப் போனவனைத் தூக்கிச் சப்பறத்தில் வைத்ததுபோல இருந்தது. இனி மூப்பராக இருக்கமாட்டேன் என்று கடிதம் கொடுத்துவிட்டேன்.

30 நவம்பர், சனி

ஹேர்னிங்கில் ஒரு கடையில் தேடி வாங்கினேன். இங்கிலாந்துக் கறுப்புத் தேன் பியர், வேறு யாரோ காய்ச்சியது. குசினி மேசையில் வைத்து, பகலில், தேவமலருக்கு முன்னாலேயே குடித்தேன்.

நிறம் கடும் சாயத் தேத்தண்ணி. மணம் சுட்ட பாண் துண்டு கருகியதுபோல. வாயில் வைத்ததும் இனிப்பில்லை. தேன் எங்கே என்று தேடினேன். விழுங்கிய பிறகு, தொண்டையில், கொஞ்சம். அதையும் கசப்பு வந்து மூடிவிடுகிறது. புளிப்பு இல்லை. ஏழு.

ஏழு என்றால் நல்லது. டேனிஷ்காரர் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் எனக்கு வாசிக்கத் தெரியாமலா இருந்தது?

"இப்ப குடிச்சென்ன?" என்றாள் தேவமலர். "அண்டைக்கு ஒரு வாய் குடிச்சிருக்கலாம்." திட்டவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

எழுதியதை அப்படியே சோபனாவுக்கு அனுப்பினேன். குடித்தேன் என்றும் எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, வாசித்துவிட்டாள். பதில் இல்லை.

25 டிசம்பர், புதன்

வரவில்லை.

13 ஜனவரி 2025, திங்கள்

காலை வேலைக்குத் தவராஜாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். என்னோடு ஒரே பகுதியில் வேலை செய்கிறவர். முகாமில் ஒன்றாகக் குடித்தவர், இன்னும் விடவில்லை. ரோட்டில் வழுக்கல், மெதுவாக ஓடினேன்.

"அண்ணை, உங்கடை மகள் நேற்று ஆளிட்டை ஒரு போத்தில் குடுத்துவிட்டவள்," என்றார். "திருப்பியும் ஒரு சின்னத் தொட்டி காய்ச்ச விட்டிருக்கினமாம். அந்தக் கறுப்புத் தேன் பியர்தான். குடிச்சுப் பாத்து உண்மையைச் சொல்லுங்கோ மாமா எண்டாள். கசப்புக் கூடிப்போச்சு, நாலு எண்டு சொன்னன். பிள்ளைக்கு நல்ல சந்தோஷம். ரெண்டு தரம் தாங்க்ஸ் சொன்னவள்."

"நல்லது," என்றேன்.

"அப்பாட்டைக் கேக்கேல்லையோ எண்டு அவளைக் கேட்டன். அப்பா குடிக்கிறேல்லை மாமா, அவரைக் கரைச்சல்படுத்தக் கூடாது எண்டாள்."

பக்டரி வாசலில் காரை நிற்பாட்டினேன்.

"ஓம்," என்றேன். "நான் குடிக்கிறேல்லை."