மணியடித்தது யார், செல்வராசு?

என் அருமைத் துரோகி, என் தங்கை மல்லிகாவின் வீட்டுக்காரர், திருவாளர் செல்வராசு அவர்களுக்கு,

உன் மச்சான் குப்புசாமி எழுதுகிறேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அங்கே சௌகரியமா என்று கேட்க மாட்டேன். சௌகரியமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

உன் சாவுக்கு நான் அழுத அழுகையைப் பற்றி ஊரில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். என் கண்ணீர் பெருக்கெடுத்து மேட்டூரில் பதினாறு கண் மதகையும் திறக்கவேண்டி வந்தது. சங்ககிரி மலைக்கோட்டை வாசலில் அலை அடித்தது. பைபாஸில் நின்ற லாரிகள் எல்லாம் கப்பல் மாதிரி மிதந்து கோயமுத்தூர் பக்கம் போயின. செல்வராசு, அந்தக் கண்ணீர் ஒரு சொட்டு குறையாமல் எனக்குத் திரும்ப வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன், கேள். குறுக்கே பேச உன்னால் முடியாது என்பதுதான் இப்போதைக்கு எனக்கிருக்கும் ஒரே ஆறுதல்.

உன் காரியம் முடிந்த மறுவாரம் மல்லிகா என்னை வரச்சொன்னாள். உன் தச்சுப் பெட்டியை முன்னால் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள், மீதியைப் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். உளி, இழைப்புளி, ரசமட்டம் எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி, முழ நீளத்தில் ஒரு வீல் பானா இருந்தது. கைப்பிடியில் சிவப்புப் பெயிண்ட். லாரிச் சக்கரத்து நட்டுக் கழற்றுகிற பானா ஒரு தச்சன் பெட்டியில் எதற்கு? நான் கேட்கவில்லை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

உனக்கு இந்தக் கதை தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நீ சும்மா உட்கார்ந்திரு.

நாங்கள் பிறந்தது சங்ககிரியில் பட்டறை லைன். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளும், அதில் வேலை செய்கிறவர்களின் தகரக் கூரை வீடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் சோற்றில் உப்பு இல்லாத நாள் உண்டு, மரத்தூள் இல்லாத நாள் கிடையாது. இரண்டு பட்டறைக்கு நடுவே எங்கள் பள்ளிக்கூடம். சம்மட்டி விழுகிற தாளத்துக்குத்தான் வாய்ப்பாடு சொல்வோம். பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போய்விட்டால் எங்களுக்கு எட்டாம் வாய்ப்பாடு மறந்துபோகும்.

பெஞ்சுகள் லாரிப் பலகையில் செய்தவை. மிஞ்சிய பெயிண்டை அடித்ததால் ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. மணிக்குப் பதிலாக ஒரு கமான் பட்டை. லாரிக்கு அடியில் பாரம் தாங்குமே, அந்த வளைந்த இரும்பு. அது வேப்பமரத்தில் தொங்கும். அடிப்பதற்குச் சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு வீல் பானா. அதன் சத்தம் ஓமலூர் வரை கேட்கும். காற்று அடித்தால் பெங்களூர்.

லைனில் ஒரு வழக்கம் இருந்தது. பாடி கட்டி முடித்த புது லாரிக்குப் பூஜை போட்டதும் முதல் லோடு பிள்ளைகள்தான். மூட்டை ஏறக்கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் வரை ஒரு சுற்றுப் போய் வரவேண்டும். பிள்ளைகள் சிரித்த வண்டி கவிழாது என்று நம்பிக்கை. டிரைவர் ஆரனை விடாமல் அடிப்பார். நாங்கள் தொண்டை கட்டும்வரை கத்துவோம். மகாராஜாக்கள் யானைமேல் போனதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பிறகு ஆரோக்கியமேரி டீச்சர். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கையில் குடை, டிபன் டப்பா. நான் வாயைத் திறந்தால் பொய் என்பது லைனுக்கே தெரியும். என்னை அடிக்காத ஒரே பெரியமனுஷி டீச்சர்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பத்து நிமிஷம் இருக்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். இந்த வாரம் என்ன புளுகு, குப்புசாமி என்பார். நான் எழுந்து ஒன்று விடுவேன். நிபந்தனை ஒன்றுதான்: முடிந்ததும் “இத்தனையும் பொய்” என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரவேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை நான் விட்ட புளுகு இது: அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வரும்போது நான் மணியை அடிப்பேன், பள்ளிக்கூடமே லாரியில் ஏறும், இன்ஸ்பெக்டரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஏறுவார். டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இத்தனையும் பொய் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சொன்னேனா இல்லையா?

இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கே உன் அப்பா மேஸ்திரியாக நின்று கட்டிய முதல் லாரி தயாராகி நின்றது. உன் வாழ்க்கையிலேயே பெரிய நாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளையும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. வண்டிக்காரர் அவசரப்பட்டார். பிள்ளைகள் வராவிட்டால் மூட்டையை ஏற்றிவிடுவேன் என்று சொன்னாராம். உன் அப்பாவின் முதல் வண்டி, வழக்கம் தப்பிப் போவதா?

தலைமையாசிரியர் ஜீப்பை எதிர்கொள்ள ரோட்டுக்குப் போயிருந்தார். டீச்சர் உள்ளறையில் படம் ஒட்டிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர என்னை அனுப்பினார். நான் குடத்தோடு திரும்பி வரும்போது மணி அடித்தது. விடுகிற மணி, நீளமாக. அடுத்த மூச்சில் பள்ளிக்கூடமே லாரியை நோக்கி ஓடியது. வேப்பமரத்தடிக்கு நான் வந்தபோது கமான் பட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பானாவைக் காணோம். குடமும் கையுமாக நான் மட்டும்.

நானும் ஏறினேன், மறைக்கமாட்டேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கடைசி ஆளாக. நீ கையைக் கொடுத்து மேலே இழுத்தாய். உன் கை சூடாக இருந்தது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது எல்லா வகுப்பிலும் பெஞ்சுதான் இருந்தது. வருகைப் பதிவேட்டில் எல்லோரும் ஆஜர். தான் ரோட்டில் இருந்ததாகவும் பொறுப்பு டீச்சருடையது என்றும் தலைமையாசிரியர் சொல்லித் தப்பித்துக்கொண்டார். பத்து நாளில் டீச்சருக்கு மாற்றல் வந்தது. கெங்கவல்லி. சேலத்துக்கு அந்தப் பக்கம், மாவட்டத்தின் கடைசி.

யார் அடித்தது என்று எவனும் விசாரிக்கவே இல்லை. நான்தான் ஒரு வாரம் முன்பே அறிவித்திருந்தேனே. நான் அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். பின் பெஞ்சிலிருந்து எல்லோரும் ஒரே குரலில் “இத்தனையும் பொய்” என்றார்கள். அப்பா பழைய ஃபேன் பெல்ட்டால் முதுகில் ரோடு போட்டார். அதெல்லாம் ஆறிவிட்டது. டீச்சர் போகிற அன்றைக்குக் குடையை மடித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டுச் சொன்னது மட்டும் ஆறவில்லை.

“அடிச்சேன்னு ஒரே ஒரு உண்மை சொல்லியிருக்கலாமே, சாமி.”

அன்றைக்குச் சாயங்காலம் நீ என்னிடம் வந்தாய். பட்டறைக்குப் பின்னால், டயர் குவியல்மேல் உட்கார்ந்து நான் தேம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாய். “நீ அடிக்கலடா. நான் நம்பறேன்” என்றாய்.

இந்தப் பூமண்டலத்தில் என்னை நம்பிய ஒரே ஜீவன். அந்த ஒரு வார்த்தைக்காக நாற்பத்தெட்டு வருஷம் உன் பின்னால் திரிந்தேன். லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து உலகத்துக்கெல்லாம் பொய் சொன்னேன், உன்னிடம் மட்டும் சொன்னதில்லை. நீ மல்லிகாவைக் கேட்டபோது என் அப்பா யோசித்தார். அவன் என்னை நம்பினவன், கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று சொன்னவன் நான். நம்பினாயாம்! நீ எங்கேடா நம்பினாய்? உனக்குத்தான் தெரியுமே.

பானாவைக் கையில் வைத்துக்கொண்டு மல்லிகாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“கண்ணாலமான வருசமே எங்கிட்டச் சொல்லிப்போட்டாருங்ணா. உங்ககிட்டச் சொல்லோணும் சொல்லோணும்னுதான் இருந்தாரு. அதைத் தூக்கியெறியவும் மனசு வல்லை.”

என் கூடப் பிறந்தவள். முப்பது தீபாவளிக்கு மேல் என் மனைவி கையால் சாப்பிட்டவள். என் மருமக்கள் என்னைப் “புளுகு மாமா” என்று கூப்பிடும்போதெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்தவள். அவளுக்கும் தெரியும். இனி நான் யாரிடம் போய்ச் சொல்ல?

டீச்சரிடம் சொல்லலாம் என்று தோன்றியது. இருக்கிறாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. எத்தனை தடவை உன்னைக் கேட்டிருப்பேன்! எங்கே இருக்காங்களோ என்று வானத்தைப் பார்ப்பாய். மல்லிகாதான் விலாசம் கொடுத்தாள், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல். அவளுக்கு மனப்பாடம்.

பானாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். மாதா கோயிலுக்குப் பின்சந்தில் சின்ன வீடு. டீச்சர் சுருங்கிப்போயிருக்கிறார், குடை மட்டும் அதே உயரம். பெயரைச் சொன்னதும் கடிகாரத்தைக் கழற்றுகிற மாதிரி மணிக்கட்டைத் தொட்டார். நான் பானாவை மேசைமேல் வைத்தேன். ஊரில் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு எல்லாம் பஸ்ஸிலேயே இறங்கிப்போயிருந்தது. நான் அடிக்கலைங்க டீச்சர் என்று மட்டும் வந்தது. பத்து வயதில் சொன்ன அதே வாக்கியம்.

“தெரியுமேப்பா” என்றார் டீச்சர். “செல்வராசு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தப்ப இதே நாற்காலியில உக்காந்து அழுதான். உன்கிட்டயும் சொல்லிட்டேன்னானே.”

நான் பானாவை எடுத்துத் திரும்பத் துணிப்பையில் போட்டேன்.

“உன்னை நம்பாமப் போயிட்டேன்னு கோவத்துலதான் நீ வரலைன்னு நெனச்சேன். வருவே வருவேன்னு பாத்துட்டே இருந்தேன். வருசா வருசம் கிறிஸ்துமஸ் கேக்கு மட்டும் அவன்கிட்டக் குடுத்தனுப்புவேன். வந்துச்சா?”

வந்தது, டீச்சர். வருஷம் தவறாமல் வந்தது. பேக்கரியில் வாங்கினேன், சாப்பிடு மச்சான் என்று நீ நீட்டுவாய், செல்வராசு. சவசவ என்று இருக்கிறது, அந்தப் பேக்கரிக்காரனை நாடு கடத்தவேண்டும் என்று நான் தீர்ப்புச் சொல்வேன். நீ சிரிப்பாய். டீச்சர் எனக்கென்று கட்டிக் கொடுத்த பொட்டலம். அதைத் தின்றுவிட்டு, டீச்சர் அங்கேதான் இருக்கிறார் என்று தெரியாமல், சேலத்தில் எத்தனை ஆயிரம் தடவை பஸ் மாறியிருப்பேன்?

நீ மணியடித்தது எனக்குத் துரோகமே இல்லை, செல்வராசு. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் சங்ககிரி மலையையே பெயர்த்து அந்தப் பட்டையில் அடித்திருப்பேன். பயந்து வாயை மூடிக்கொண்டதும் சரி, பத்து வயது. கல்யாணத்துக்கு முன்னால் சொன்னால் பெண் கொடுக்கமாட்டேன் என்று பயந்தாயா? கொடுத்திருக்கமாட்டேன்தான். ஆனால் அதற்கப்புறம்? உனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டுக்கும் என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினாய். அந்தக் காது வரை குனிந்தவன், என் காதில் ஒரு வார்த்தை சொல்லக் குனியக்கூடாதா?

எல்லோரும் என்னைப் புளுகன் என்கிறார்கள். நான் ஒவ்வொரு புளுகுக்கும் கடைசியில் கணக்காகப் பொய் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவன். நீ உட்காரவே இல்லையடா. ஒரே புளுகை நாற்பத்தெட்டு வருஷம் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாய். உன் முன்னால் நான் ஒரு கத்துக்குட்டி.

பள்ளிக்கூடச் செய்தி சொல்கிறேன். சுவரில் புதுப் பெயிண்ட், வகுப்பில் டிவி, மணிக்குக் கரண்ட்டு பெல். ஆனால் வேப்பமரமும் கமான் பட்டையும் அப்படியேதான் இருக்கின்றன. பட்டை மரத்துக்குள் பாதி புதைந்துவிட்டது. எடுக்க யாருக்கும் தெம்பில்லை. பிள்ளைகளை இப்போதும் புது லாரியில் ஏற்றுகிறார்கள், தலைமையாசிரியை அம்மா கையெழுத்துப் போட்டால் மட்டும்.

உன் பெரியவன் மேஸ்திரியாகிவிட்டான். அவன் கட்டுகிற முதல் வண்டிக்கு வருகிற புதன்கிழமை பூஜை. பானா என் பையிலேயே இருக்கிறது. மல்லிகா கேட்டாள், நான் தரவில்லை.

இப்போது உனக்கு என் வாக்கு. மன்னிப்பேன் என்று எதிர்பார்க்காதே, அது இந்த ஜென்மத்தில் இல்லை. புதன்கிழமை வேப்பமரத்தடிக்குப் போவேன். விடுகிற மணி அடிப்பேன், நீளமாக, பெங்களூர் வரை கேட்கிற மாதிரி. பள்ளிக்கூடம் லாரிக்கு ஓடும். தலைமையாசிரியை அம்மா வெளியே வந்து, யார் அடித்தது என்று கேட்பார். பானா என் கையில் இருக்கும். ஆள் பார்க்கும்படி, நிமிர்ந்து நின்று சொல்வேன்: “செல்வராசுங்க. எங்க மாப்பிள்ளைங்க.”

சொல்லிவிட்டு, டீச்சர் எனக்குக் கற்றுக்கொடுத்த அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
நீ கடைசிவரை நம்பாமல் போன உன் மச்சான்,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
குப்புசாமி