சத்தம் நின்ற சக்கரம்

ஜனவரி 9, வெள்ளி

பத்மப்ரியாவின் பந்தய சைக்கிளுக்குப் பின்சக்கரம் வந்துவிட்டது. யாரோ ஓட்டிப் பழசானதுதான். ஆனாலும் என் மகளுக்குக் கால் தரையில் படவில்லை. 25ஆம் தேதி பந்தயத்தை இதில்தான் ஓட்டப்போகிறாளாம்.

கம்பியே கிடையாது. இரண்டு பக்கமும் மூடிய தட்டு, உள்ளே பொள்ளல், வெறும் கூடு. டயருக்குள் ட்யூபும் இல்லை. வால்வை நேராக விளிம்பில் செருகி நட்டு போடவேண்டும். கோச் ஹரிஷங்கர் கொச்சிக்குப் போயிருக்கிறார். அவர் வரும்வரை இவளுக்குப் பொறுக்காது. இந்த வீட்டில் குழாய், குக்கர் எல்லாம் பார்ப்பது நான்தானே? நானே பொருத்தினேன். நட்டு ஓரத்தில் உஸ்ஸென்று கசிகிறது.

ஜனவரி 10, சனி

சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ரப்பர் வாஷர் வாங்கிவந்து, நட்டுக்கு அடியில் போட்டு, பிளையரால் இறுக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. அம்மா கை பட்டால் எந்த ஒழுகலும் நிற்கும் என்றாள் பத்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

டயர் மறுபடி தளர்ந்திருக்கிறது. சத்தமே இல்லையே, காற்று எங்கே போகிறது? கேட்டால், "சாரமில்லம்மா, பரவால்ல, காத்து அடிச்சுண்டு போறேன்" என்கிறாள்.

ஜனவரி 14, புதன்

எழுதினாலாவது மனசு அடங்குமா?

காலையில் அவள் பயிற்சிக்கு பைபாஸ் ரோட்டுக்குப் போனபின் கோச்சுக்கு ஃபோன் செய்தேன். சும்மா ஒரு சந்தேகம் கேட்கத்தான். வாஷரைப் பற்றிச் சொன்னதும், நட்டுக்கு அடியிலா என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மாமி, கசியற காத்து வெளில வரணும். அதை அடைச்சுட்டேள். இப்போ அது தட்டுக்குள்ள ஏறிண்டிருக்கு. அவளை உடனே நிறுத்தச் சொல்லுங்கோ."

வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர். அதன்மேல் என் குழந்தை உட்கார்ந்து போகிறாள். ஐயோ, நானே ஏற்றி அனுப்பினேனே.

அவள் ஃபோனை எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கமாட்டாள். ஸ்கூட்டரில் போனேன். வழியில் எங்கே கூட்டம் நின்றாலும் வண்டியை நிறுத்தி எட்டிப்பார்த்தேன் — ஒரு இடத்தில் மீன் வாங்கத்தான் நின்றார்கள். திருவல்லம் தாண்டி ஒரு கரிக்குக் கடையில், இளநீர் வெட்டுமிடத்தில், நின்றுகொண்டிருந்தாள். சக்கரத்தில் ஏதோ முறுக்கென்று சத்தம் கேட்டதாம், அதனால் இறங்கினாளாம்.

கோச் சொன்னபடி முதலில் டயர் காற்றை முழுக்க இறக்கினேன். டயர் தொய்ந்து போனது. பிறகு நட்டைத் தளர்த்தினேன். காலி டயர் — ஆனாலும் காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. பத்மா என் முகத்தைப் பார்த்தாள்.

ஜனவரி 17, சனி

கோச் வந்து பார்த்தார். தட்டு ஒரு பக்கம் உப்பி, உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது. இனி ஆகாது. வால்வின் ரப்பர் உள்பக்கம் சரியாக உட்காராததால்தான் கசிந்ததாம். அதைக் கழற்றித் திரும்ப உட்காரவைத்து, நட்டை விரலால் மட்டும் இறுக்கியிருந்தால் போதுமாம்.

ஜனவரி 21, புதன்

பழைய கம்பிச் சக்கரத்தை அவளே மாட்டினாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. உதவட்டுமா என்றேன். வேண்டாமாம். நியாயம்தான். கனவில் அந்தக் காற்று வந்துகொண்டே இருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

ஆறாவதாக வந்தாள்.

கிளம்புவதற்கு முன் பம்பை என் கையில் கொடுத்து, "நீயே அடிச்சுத் தாம்மா" என்றாள். அடித்தேன். வால்வருகே காதை வைத்துக் கேட்டேன். அவளும் குனிந்து, என் பக்கத்தில் காதை வைத்தாள்.