ஆறிய டயரும் ஊர் மனுவும்

இன்று காலை பூஜை அலமாரியைத் துடைத்தபோது உங்கள் பித்தளை மீட்டர் கைக்கு வந்தது. டயரில் காற்று பார்ப்பீர்களே, அதுதான். ஆயுதபூஜைக்கு நீங்கள் வைத்த குங்குமம் போய்விட்டது. ரப்பர் வாசனை மட்டும் போகவில்லை.

நாகலாபுரத்தில் இருந்தபோது, விடிந்ததும் நம் வாடகை வேனின் டயர்முன் குந்திவிடுவீர்கள். "சாமிக்கு வெளக்கேத்தறதுக்கு முன்னாடி டயருக்குச் சேவையா?" என்பேன். "உன் சாமி எப்பக் கூப்டாலும் வருவாரு. டயரு ஓடாம ஆறிக் கெடக்கறப்பதான் நெஜத்தச் சொல்லும்" என்பீர்கள்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லையில் இருந்த நம் ஊர்கள் எந்தப் பக்கம் என்று முடிவாகாத நாட்கள் அவை. நம்மூரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லி சித்தூரில் அதிகாரியிடம் மனு கொடுக்க ஊரார் கிளம்பினார்கள். ஒருவரையும் விட மனமின்றி எல்லாரையும் ஏற்றிக்கொண்டீர்கள். சித்தூரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போக, கைக்குழந்தையோடு நானும் முன்சீட்டில் இருந்தேன். சந்திரகிரி தாண்டியதும், வெயிலிலும் பாரத்திலும் பின்டயர் கொதித்தது. புளியமரத்தடியில் நிறுத்திவிட்டீர்கள்.

"காத்தக் கொஞ்சம் எடுத்துவுட்டுக் கெளம்புப்பா. அதிகாரி பூடுவாரு!" என்று ஊர் மணியக்காரர் கத்தினார்.

"சூட்டுல ஏறுன காத்து, ஆறுனா தானா எறங்கும் நைனா. இப்ப எடுத்தா கொறஞ்சி பூடும். டயரு மடங்கி ஓடி இன்னும் சூடாயி வெடிக்கும்."

"ஊரே கைய வுட்டுப் போவுது, நீ டயரப் பாத்துக்கினு கீறியே!"

நீங்கள் அசையவில்லை. பாரம் குறைய பாதிப்பேரை இறக்கி வெயிலில் நடக்கவிடவும் மனமில்லை, வண்டியை எடுக்கவும் மனமில்லை. டயர் ஆறி, நாம் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி கிளம்பிவிட்டிருந்தார். மனுவை வாங்கியது பியூன்தான்.

கடைசியில் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அதன்பின் நீங்கள் டீக்கடைக்குப் போனாலே, "வாப்பா, ஊர ஆந்திராவுக்குக் குடுத்த டிரைவரே!" என்பார்கள். கூடவே சிரித்துவிட்டு வருவீர்கள். வீட்டில் சிரித்ததில்லை. ஒருநாள் மட்டும், சோற்றைப் பிசைந்தபடி கேட்டீர்கள்: "ஏத்தினு போனவங்க எல்லாரையும் அவங்கவங்க வூட்டாண்ட கொண்ணாந்து எறக்கினேனா இல்லியா, நீயே சொல்லு."

வீட்டுக் கணக்கில் பிசகாதவள் என்று எனக்குப் பெயர். அந்தக் கணக்கில் நீங்கள் பிசகவில்லை.

அன்று என் மடியில் தூங்கிய நம் மகள், இப்போது திருப்பதியிலிருந்து அதே சாலையில் சித்தூருக்குத் தானே கார் ஓட்டிப் போகிறாள்.

"பங்க்ல காத்து பாத்துக்கறேம்மா, நேரமாவுது" என்றாள் இன்று.

"பங்க்குக்குப் போறதுக்குள்ள சூடாயிடும்டி. இரு, இங்கியே பாத்துடறேன்."

உங்கள் மீட்டரை வைத்துப் பார்த்து, பெருமாளை நினைத்து அனுப்பிவைத்தேன். சாயங்காலம் அவள் வாசலில் வந்து இறங்கும்வரை அன்றைய கணக்கை நான் மூடுவதில்லை.