பதினேழு கன்னங்கள்

மார்ச் 9, ஞாயிறு
மிர்த்தா அக்கா வீட்டில் இறைச்சி சுட்டார்கள். பதினேழு பேர். என் மகள் ரெனாட்டா வாசலோடு நின்றுவிட்டாள், எங்கள் ஊர் வழக்கப்படி ஒருவர் கன்னத்திலும் முத்தம் கொடுத்து வணக்கம் சொல்லவில்லை. "ஏன்டா, உன் மகளுக்கு எங்க மூஞ்சியெல்லாம் நாறுதா?" என்றாள் அக்கா, எல்லார் காதிலும் விழும்படி. பதின்மூன்று வயதுப் பெண். லேசான ஆட்டிசம் என்று எத்தனை முறைதான் சொல்வது? மானம் போயிற்று.

மார்ச் 11
மருத்துவமனையில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு நட்சத்திரம், அட்டை நிறைந்தால் பரிசு. சீக்கிரம் பலன் தெரியுமாம். இன்னொன்று, அவள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிப் பேசிப் பழகுவது. மாதக்கணக்கில் ஆகும். எனக்கேது பொறுமை? முதலாவதற்கே கையெழுத்துப் போட்டேன்.
அவளைக் கேட்டேனா? இல்லை.

மார்ச் 30, ஞாயிறு
பதினேழு கன்னம், பதினேழு முத்தம்! அக்கா அழுதே விட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 1
ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொள்கிறாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறேன்.

ஏப்ரல் 8
பேருந்து நிறுத்தத்தில் நான் சீட்டு வாங்கித் திரும்புவதற்குள், நின்றிருந்தவர்களுக்கெல்லாம் வரிசையாக முத்தம் கொடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். முன்பின் தெரியாதவர்கள்! ஒருவன் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் மரம்போல நின்றாள். அவனை நெட்டித் தள்ளிவிட்டு அவளை இழுத்து வந்தேன்.
"பிடிக்கலன்னா ஏம்மா நின்னே?"
"வேண்டாம்னு சொன்னா நட்சத்திரம் கிடையாதேப்பா."
நான்தான் — நானேதான் இதைச் சொல்லிக்கொடுத்தேன்! பாவி!

ஏப்ரல் 10
அட்டையைக் கிழித்துப் போட்டேன். இன்னொரு வழியைக் கேட்டுப் போனோம். அந்தப் பிள்ளைகள் குழுவை லெதெஸ்மா என்ற பெண் நடத்துகிறார். என்னைப் பார்க்கவே இல்லை. ரெனாட்டாவிடம் கேட்டார்: "உனக்கு என்னம்மா கத்துக்கணும்?"
அவளுக்கு முந்தி நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், லெதெஸ்மா கையமர்த்தினார்.
"கிட்ட வர்றவங்கள எப்படி நிறுத்தறதுன்னு."
இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியவில்லையே.

ஜூன் 3
வீட்டுப் பயிற்சி. நான் நெருங்கிப் போக வேண்டும், அவள் தடுக்க வேண்டும். இன்றும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டினாள். எட்டாவது வாரம். இது நடக்குமா? வேறு இடம் பார்க்கலாமா?

ஜூன் 20
குழுவில் ஒரு பையனிடம் "தள்ளி நில்லு" என்றாளாம். லெதெஸ்மா தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
அக்கா வீடு. ரெனாட்டா கையை உயர்த்தி எல்லாருக்கும் சேர்த்து ஒரே 'ஓலா' என்று வணக்கம் சொன்னாள். அக்கா கன்னத்தை நீட்டிக்கொண்டு வந்தாள்.
"வேண்டாம் அத்தை."
"இதுக்குத்தான் இவ்வளவு நாள் வைத்தியமா?" என்று அக்கா என்னைப் பார்த்து முறைத்தாள். "இதுக்குத்தான்க்கா" என்றேன். உள்ளுக்குள் துள்ளினேன்.

ஆகஸ்ட் 18
பள்ளிக்கூட வாசலில் வழக்கம்போல அவள் நெற்றியில் முத்தமிடக் குனிந்தேன்.
"வேண்டாம்ப்பா."
சொல்லிவிட்டு, நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.
"சரிம்மா" என்று இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அதன்பிறகுதான் உள்ளே போனாள்.