எதிரே இருந்த நாற்காலி

ஐப்பசி 9, வெள்ளி

டெக்சாஸிலிருந்து மருமகன் தங்கள் ஊர்க் கூட்டத்தைப் போனில் காட்டினார். தொப்பி போட்ட விவசாயி ஒருவர் எழுந்து, வரியை ஏன் ஏற்றினீர்கள் என்று அதிகாரிகளைக் கேட்டார். அவர்கள் குறுக்கே பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

"இங்க கவர்மெண்டுங்கறது நாம வெச்ச வேலையாளுங்க மாமா, எசமான் இல்லீங்க" என்றார் மருமகன்.

எனக்கு மெய்சிலிர்த்தது. அரசாங்கம் என்றால் இப்படித்தான் அடக்கமாக இருக்க வேண்டும், என்ன ஒரு நாடு என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

அவள் காய் நறுக்கிக்கொண்டே, "நீங்களும் முப்பது வருசம் கவர்மெண்டுதானுங்க" என்றாள்.

காந்தல் பகுதியிலிருந்து மழையில் நனைந்து மனுவோடு ஆபீசுக்கு வந்தவர்கள் என் மேசை முன் நின்றுகொண்டே பேசுவார்கள். எதிரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் நான் ஃபைல்களை அடுக்கி வைத்திருந்தேன்.