‘மாற்றப்பட்டது’ என்று எழுதிய நாற்பத்தொரு குழந்தைகளைக் கணக்கில் சேர்க்கக் கோருதல்

அனுப்புநர்:
பதிவேட்டுச் செவிலியர்,
பிரசவ அறை, மகப்பேறு மருத்துவமனை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சுகாதாரத் துறை.

பொருள்: முதுகுத்தண்டுப் பிளவுடன் பிறந்த குழந்தைகள் நான்கு ஆண்டுகளாகப் பதிவேட்டில் விடுபட்டது – திருத்தக் கோருவது – நிறுத்தப்பட்ட ஃபோலிக் அமில மாத்திரையை உடனே வழங்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினாறு ஆண்டுகளாகப் பிரசவ அறையில் இருக்கிறேன். பிறப்புப் பதிவேட்டை எழுதுவது என் வேலை. எடை, நேரம், தாயின் வயது, கடைசியில் ‘பிறவிக் குறைபாடு’ என்று ஒரு கட்டம். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கட்டத்தில் முதுகுத்தண்டுப் பிளவு என்று ஒன்பது முறை எழுதினேன். அடுத்த ஆண்டு இரண்டு, பிறகு ஒன்று, பிறகு இரண்டு ஆண்டுகள் ஒன்றுமே இல்லை. இதற்காக எங்கள் மருத்துவமனைக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. கண்காணிப்பாளர் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

2. குறைந்தது குழந்தைகள் அல்ல, நான் எழுதியதுதான். முதுகில் கட்டியோடு பிறக்கும் குழந்தையை, ஈரத்துணியால் அந்த இடத்தை மூடி, சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிவிடுவோம். முன்பு குறைபாட்டையும் எழுதுவேன், அனுப்பியதையும் எழுதுவேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் கண்காணிப்பாளர் என்னை அழைத்து, “அனுப்புற குழந்தை அங்க கணக்குல வந்துரும்மா. நீயும் எழுதினா ஒண்ணு ரெண்டாயிரும். மாற்றப்பட்டதுன்னு மட்டும் போடு” என்றார். எழுத்தில் உத்தரவு கேட்கத் தோன்றவில்லை. நான் புதிதாய் வந்த காலத்தில், ஊசி போட என் கையைப் பிடித்துப் பழக்கியவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அன்றிலிருந்து, அங்கே அனுப்பும் முன்பே எங்கள் வார்டில் இறந்த மூன்று குழந்தைகள் மட்டுமே அந்தக் கட்டத்தில் ஏறின.

3. இப்படி எழுதத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு முடிவில், பதிவேட்டில் ஒன்றே ஒன்று என்றிருந்ததைப் பார்த்து, தேவை குறைந்துவிட்டது என்று ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தினார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்களுக்குச் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிப்போய்க் கொடுத்த மாத்திரை அது. கரு உண்டான முதல் நான்கு வாரத்துக்குள் தண்டுவடம் மூடிவிட வேண்டும்; அதற்கு உதவுவது இந்த மாத்திரை. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனது உறைப்பதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே கொடுத்தோம்.

4. மாத்திரை நின்ற பிறகு கல்யாணமான என் தங்கைக்குச் சென்ற ஆண்டு எங்கள் பிரசவ அறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, எலுமிச்சம்பழ அளவில் கட்டி. கால்கள் அசையவில்லை. என் கையாலேயே துணியை நனைத்து மூடினேன். என் கையாலேயே ‘மாற்றப்பட்டது’ என்றும் எழுதினேன். பழக்கம் ஐயா, வேறென்ன சொல்ல.

5. குழந்தையோடு அறுவை சிகிச்சை மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்தேன். அங்கே பதிவேடு எழுதுபவரிடம், எங்கள் குழந்தைகளை எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். வெளியே பிறந்தவை தங்கள் பிறப்புக் கணக்கில் வராது, பிறந்த இடத்தில்தான் வரும் என்று நிதானமாகச் சொன்னார். அப்படியானால் எங்கள் குழந்தைகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

6. திரும்பி வந்தும் பல மாதம் தயங்கினேன். கடைசியில் இந்த ஆண்டு, அனுப்புச் சீட்டுகளின் கார்பன் நகல்களைப் பீரோவிலிருந்து எடுத்து, மூன்று வாரங்களின் விடுப்பு நாட்களில் பிரித்துப் பார்த்தேன். ஆண்டுவாரியாக எட்டு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. மொத்தம் நாற்பத்தொன்று. மாத்திரை நின்ற பிறகு பிறந்த இருபத்துநான்கு பேரில் பத்தொன்பது பேரின் தாய்க்கு அதுதான் முதல் பிரசவம். முன்பு அப்படி இல்லை. பாதிக்கு மேல் இரண்டாவது, மூன்றாவது பிரசவம்; மாத்திரை புதுமணப் பெண்களுக்குத்தானே போனது. மாத்திரை கொடுத்தால் ஒரு குழந்தைக்கும் வராது என்று நான் சொல்லவில்லை. பாதிக்கு மேல் தடுக்கலாம் என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். அந்தப் பாதியில் என் தங்கை மகள் இருந்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் என்னைத் தின்கிறது.

7. நகல்களைக் கண்காணிப்பாளரிடம் காட்டினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் எனக்குக் குறிப்பாணை வந்தது: குறைபாடுகளைப் பதியாமல் விட்டதற்கு விளக்கம் தருக, கையெழுத்து உம்முடையது. உண்மைதான், கையெழுத்து என்னுடையது. சொன்ன வாய் யாருடையது என்று எந்த ஏட்டிலும் இல்லை. பதினாறு ஆண்டுகள் அவர் சொல்லுக்கு மறுசொல் பேசாதவளை ஒரு தாளில் கைகழுவிவிட்டார். எனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம்.

8. நான் குற்றமற்றவள் என்று வாதாட இந்த மனுவை எழுதவில்லை. விசாரணையை என்னிடமிருந்தே தொடங்குங்கள். நாற்பத்தொரு நகல்களையும் இணைத்துள்ளேன். அவற்றைப் பார்த்துப் பதிவேட்டைத் திருத்த உத்தரவிட வேண்டுகிறேன். ஆனால் விசாரணை முடியட்டும் என்று மாத்திரையை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். விசாரணைக்கு மாதக்கணக்காகும். அந்த நான்கு வாரம் யாருக்காகவும் காத்திருக்காது.

9. இன்னும் ஒன்று. குழந்தைக்கு இப்போது பதினோரு மாதம். கைகளை ஊன்றி, கால்களை இழுத்துக்கொண்டு வீடெல்லாம் தவழ்கிறாள். தங்கை அவளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் என்னிடம், “நான் என்னக்கா தப்பு பண்ணேன்?” என்று கேட்கிறாள். புகுந்த வீட்டில் அவள் தூக்கிய குடத்தையும் ஏறிய மாடிப்படியையும் சொல்லிக் காட்டுகிறார்கள். அவளும் நம்பிவிட்டாள். தப்பு அவளுடையதல்ல என்று சொல்ல வேண்டுமானால், யாருடையது என்றும் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் வாய் வரவில்லை. தங்கள் உத்தரவு வந்த அன்று, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் சொல்லிவிடுவேன்.

அந்த ஒரு தாளுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
பதிவேட்டுச் செவிலியர்

நாள்: ஆகஸ்ட் 9
இடம்: செவிலியர் குடியிருப்பு

இணைப்பு: அனுப்புச் சீட்டு நகல்கள் – 41, குறிப்பாணை நகல் – 1