ஐந்தும் மூன்றும் ஐம்பத்து மூன்று

மார்ச் 4
ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டை மே கடைசியோடு எடுத்துவிடுகிறார்கள். பதினேழு வருஷம் ஆபரேட்டராக இருந்த எனக்கு இனி கம்ப்யூட்டர் பிரிவு, இல்லாவிட்டால் வீடு. பிரிவில் சேர, மாலை வகுப்பில் படித்து ஒரு கால்குலேட்டர் புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். கறுப்புத் திரை, வெறும் எழுத்து. கூட்டல் கழித்தல்தானே, ஊதித் தள்ளிவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாய் இருக்கிறதே.

மார்ச் 9
அதுதான் என்னை ஊதித் தள்ளுகிறது.

மார்ச் 11
ஐந்தும் மூன்றும் கூட்டினால் ஐம்பத்து மூன்றாம். மூன்று தடவை போட்டேன் — அதே ஐம்பத்து மூன்று. சனியனே, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சிருக்கு. நீ போட்டோ எடுக்கச் சொன்னேன்னு நெனச்சிருக்கும்" என்றார். முறைத்தேன். சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

மார்ச் 12
தட்டுவதையெல்லாம் அது எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளுமாம். இது எண் என்று நாம்தான் சொல்ல வேண்டுமாம். வாத்தியார் (என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்) சொன்னார். ஒரே சொல் சேர்த்தேன்.
எட்டு. எட்டு எட்டு எட்டு!

மார்ச் 20
நாலு கணக்கும் வருகிறது. வீட்டுக்காரரைப் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினால், மனுஷன் எண் கேட்ட இடத்தில் 'ஏழு' என்று எழுத்தில் தட்டுகிறார். புரோகிராம் வரிவரியாகத் திட்டிவிட்டுப் படுத்துவிட்டது. அடுத்து ஒன்பதைப் பூஜ்யத்தால் வகுத்தார். மறுபடியும் படுத்தது. யாராவது இப்படித் தட்டுவார்களா என்று கத்தினேன்.
"உன் போர்டுக்குக் கூப்பிடுறவங்க எல்லாம் ஒழுங்காவா பேசுறாங்க?"
பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உண்மைதானே? பல் டாக்டர் வேண்டுமென்று பிரசவ வார்டைக் கேட்பவர்கள், பேசாமல் மூச்சு மட்டும் விடுபவர்கள்... ஒருத்தர் லைனையாவது நான் வெட்டியிருக்கிறேனா?

மார்ச் 22, ஞாயிறு
நாள் முழுக்க இதே வேலை. இப்போது எதைத் தட்டினாலும் படுப்பதில்லை. "எண்ணாகச் சொல்லுங்கள்" என்று மறுபடி கேட்கிறது. பூஜ்யத்தால் வகுத்தால், "அது முடியாதுங்க, வேறு எண் கொடுங்கள்". 'பிழை' என்று போட்டாலே போதும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் 27
தேர்வு. பிரிவின் தலைவியே வந்திருந்தார். எட்டுப் பேர். ஒவ்வொருவருடையதிலும் அந்த அம்மா முதலில் எதுவுமே எழுதாமல் வெறும் என்டரைத் தட்டினார். மற்ற ஏழும் படுத்துவிட்டன. என்னுடையது கேட்டது. மறுபடி தட்டினார். மறுபடி கேட்டது. பத்து தடவை இருக்கும்.
"இதுக்குக் கோபமே வராதா?"
"பதினேழு வருஷமா வரலைங்க" என்றேன். என்ன பேசினேன் என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது. அந்த அம்மா சிரித்துவிட்டார்.

ஜூன் 1
கம்ப்யூட்டர் பிரிவில் ஜன்னலோர மேசை. காலையிலேயே ஒரு நர்ஸ் வந்து தயங்கி நின்றாள். வார்டு கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் சிவப்பில் திட்டுகிறதாம், தொடவே பயமாக இருக்கிறதாம். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் என்ன தட்டினாய், சொல்லு என்றேன்.